ஒரே அடி, இரண்டு திருவிழா

என் கணவன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். சொந்தக்காரர்கள் என்றால் கம்ப்யூட்டர் வேலை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது சவுண்ட் இன்ஜினியர். செங்கல்பட்டில் நான் ரத்தம் எடுக்கிற லேபில் எனக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறேன்: டிரம்ஸ் அடிக்கிறான். உடனே "எந்த ட்ரூப்புல?" என்பார்கள். எந்த ட்ரூப்பிலும் இல்லை, மேடை ஏறியே பல வருஷமாகிறது, ஆனால் நேற்று நீங்கள் போனில் கேட்ட பாட்டில் அடித்தது அவனாக இருக்கலாம் என்று நான் விளக்குவதற்குள் அடுத்த பேஷன்ட் வந்து கையை நீட்டிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் பக்கத்தில் இருந்தால் ஜெரோமை 'வாங்க', 'போங்க' என்பேன். இல்லாவிட்டால் அவன் எனக்கு அவன்தான். மாமியார் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வேலை இதுதான். திருநெல்வேலியிலோ டொராண்டோவிலோ ஒருத்தர் ஒரு பாட்டுப் போடுவார். குரல், கீபோர்டு எல்லாம் முடிந்து டிரம்ஸ் மட்டும் பாக்கி இருக்கும். மெஷின் டிரம்ஸ் போட்டால் கல்யாண மண்டபத்து சாம்பார் மாதிரி எல்லாப் பாட்டும் ஒரே ருசியில் இருக்கிறது என்று ஜெரோமுக்கு அனுப்புவார். இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதில் 'டிக் டிக்' என்று ஓடும் கிளிக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்து, பதிவு செய்து, ஃபைலாகத் திருப்பி அனுப்புவான். வாசித்தவனுக்குக் கேட்டவர் முகம் தெரியாது. கேட்டவருக்கு வாசித்தவன் பேர் தெரியாது. பாட்டு யூடியூபில் வரும்போது இசை, வரிகள், தயாரிப்பு, தேநீர் உபசரிப்பு வரைக்கும் பேர் இருக்கும், ஜெரோம் இருக்க மாட்டான்.

அதனால்தானோ என்னவோ அவனிடம் ஒரு திருட்டுப் புத்தி வளர்ந்துவிட்டது. "ப்ரோ, சூப்பர், ஆனா இன்னும் கொஞ்சம் ஃபீல் வேணும்" என்று எழுதுகிற ஆசாமிகளுக்கு, இரண்டு நாள் விட்டு, அதே ஃபைலுக்கு வேறு பேர் வைத்து அனுப்புவான். "இப்பதான் ப்ரோ உசுரு வந்திருக்கு" என்று பதில் வரும். நான் தலையில் அடித்துக்கொள்வேன். "நான் இன்னா பண்ணட்டும்? ரெண்டு நாள்ல அவுரு காது நல்லாயிடுச்சி" என்பான்.

ஆள் பிறந்தது படாளத்தில். அப்பா ஏசுதாஸ் கரும்பு வெட்டப் போனவர். அம்மா மேரி, என் மாமியார், ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக ஆனவர். ஊர் மாதா கோயிலுக்கு யாரோ ஒரு பழைய டிரம் செட் தானமாகக் கொடுக்க, அதை அடிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால், பூசையில் தூங்கி வழிந்த இவனை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு கோயிலில் யாருமே தூங்க முடியவில்லை.

கல்யாணமானதும் ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். கீழ்வீட்டுக் கோபாலகிருஷ்ணன் சார் தங்கமான மனுஷன். முதல் மாதம் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது மாதம் மேலே வந்து, "தம்பி, பாட்டோட சேத்து அடிச்சீங்கன்னாகூட கேட்டுக்குவேன். பாட்டு உங்க காதுல ஓடுது, எனக்கு வெறும் அடிதான் வருது" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். வீட்டைக் காலி செய்து செங்கல்பட்டுக்கு வந்தோம். இங்கே வீட்டுக்காரர் வாசலில் டிரம் இறங்கும்போதே தலையாட்டிவிட்டார். டிரம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போனது, ஜெரோம் கட்டிலின் மேல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்த இரண்டு மாதம் அவன் தட்டாத தட்டு இல்லை, டம்ளர் இல்லை. என் முதுகில்கூடத் தாளம் போட்டான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்குப் போனபோதுதான் ஆதியம்மாளைப் பார்த்தோம். கரையில் படகு வந்ததும் மொத்தமாக ஏலம் எடுத்து விற்கிற பெண்மணி. ஐம்பதைத் தாண்டிய வயது, கணீரென்ற குரல். சில்லறை எடுக்க வீட்டுக்குப் போனவள் பின்னால் ஜெரோமும் போனான். வீட்டை ஒட்டி ஜன்னலே இல்லாத ஒரு ரூம். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டி அடுக்கி வைக்கக் கட்டியது. சுவர் முழுக்கத் தெர்மோகோல், கதவே ஒரு சாண் தடிமன். இப்போது ஐஸ் வண்டி நேராகக் கரைக்கே வந்துவிடுவதால் அது சும்மா கிடந்தது. ஜெரோம் உள்ளே போய்க் கை தட்டினான். சத்தம் போன இடம் தெரியவில்லை. மறுபடியும் தட்டினான். அவன் முகத்தில் வந்த வெளிச்சம் எங்கள் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"இன்னா தம்பி, காலி ரூமப் பாத்து கை தட்டிகினு கீற?" என்றாள் ஆதியம்மாள்.

"அக்கா, இந்த ரூம எனக்கு வாடகைக்குத் தர்றியா?"

கொடுத்தாள். பேர்தான் ஐஸ் ரூம், உள்ளே போனால் வேர்த்து ஊற்றும். தெர்மோகோலில் இருபது வருஷத்து மீன் வாடை ஊறிப் போயிருந்தது. டொராண்டோக்காரர் இவன் அனுப்பியதைக் கேட்டு "ப்ரோ, எந்த ஸ்டுடியோ இது, இவ்ளோ சுத்தமா இருக்கு?" என்று கேட்டாராம். ஃபைலில் வாடை போகாதது கர்த்தரின் கிருபை. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் போய் வாசித்துவிட்டு வருவான். மூன்று வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ரூமால்தான்.

போன ஆனி மாதம் ஆபத்து வந்தது. கடலில் பலகை மேல் நிற்கச் சொல்லிக்கொடுக்கிற சர்ஃபிங் பையன்கள் இரண்டு பேர், பலகைகளைப் பூட்டி வைக்க அந்த ரூமைக் கேட்டார்கள். கடலுக்குப் பக்கம், தடித்த கதவு, வேறென்ன வேண்டும். ஆதியம்மாள் அவர்களுக்கும் இல்லையென்று சொல்லவில்லை, எங்களுக்கும் உண்டென்று சொல்லவில்லை. "ஆடி முடியட்டும், சொல்றேன்" என்றாள். அதாவது கங்கையம்மன் திருவிழா முடியட்டும் என்று அர்த்தம். ஜெரோம் சோறு தின்கிறபோதும் அதையேதான் பேசினான். அந்த ரூம் போனால் டிரம்ஸ் மறுபடி கட்டிலுக்கு அடியில், அவன் கட்டிலுக்கு மேல்.

இந்த நேரத்தில்தான் குப்பத்து விழாக் கமிட்டித் தலைவர் பக்தவச்சலம் வந்தார். சொந்தப் படகு வைத்திருக்கிறவர், கீபோர்டும் வாசிப்பார், குரலும் நல்ல குரல். அம்மனுக்கு ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். "அண்ணாத்த, பாட்டக் கேட்டா சாமி வரணும். அந்த மாரி அடிச்சிக் குடு" என்றார்.

எனக்கு லேப் லீவான ஒரு நாள் நானும் கூடப் போக, ஜெரோம் வாசித்தான். வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த ஆதியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆடி பிறந்தால் குப்பத்தில் சாமி வருவது அவளுக்குத்தான்.

"இன்னாடா இது, ரயிலு ஓட்றா மாரி ஒரே ஓட்டமா ஓட்டிகினு கீற? இதுக்கு எவளுக்குடா சாமி வரும்? கொட்டாவிதான் வரும்."

"அப்ப எப்டிக்கா அடிக்கணும்?"

"ஏத்து. ஏத்திகினே போ. மூச்சு முட்ற வரைக்கும் ஏத்து. அப்பால பட்டுனு நிறுத்து. அந்த நிறுத்தத்துலதான் அவ வருவா."

அன்றைக்குப் பூராவும் வாசித்தான். ஒவ்வொரு தடவையும் ஆதியம்மாள் கதவில் கை வைத்தபடி கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் ஒரு தடவை, அவன் ஏற்றி நிறுத்தியபோது, அவள் முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றதை நானே பார்த்தேன். "போதும்டா. இதுக்கு மேல அடிச்சின்னா இங்கியே வந்துடும்" என்று வெளியே போய்விட்டாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு திருவிழா. ஸ்பீக்கரில் பாட்டு ஏறி, நின்றது. அந்த நிறுத்தத்தில் ஆதியம்மாளுக்குச் சாமி வந்தது. தலைமுடி அவிழ்ந்து ஆடினாள். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பிறகு பம்பைக்காரர்கள் சூழ்ந்து நின்று அடித்து, கற்பூரம் காட்டி, சாமியை மலையேற்றி, அவளைத் தன்னிலைக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம ஆள் எங்கே என்று பார்த்தால் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தான். "ஜெரோம், உன் அடிக்கு ஒரு பொம்பள ஆடிகினு கீறா, வந்து பாரு" என்றேன். "இரு இரு, பேஸ் ஓவரா கீது" என்றான். பார்க்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ரோட்டில் கொட்டிக்கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவனுக்கு வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டார்கள். மாதக் கடைசி வரை குச்சியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

மறுநாளே படாளத்திலிருந்து ஜெபக்குமாரின் போன். ஜெரோமின் மாமன் மகன், ஊர் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவன். ஆகஸ்ட் பதினைந்து மாதா விண்ணேற்புத் திருவிழா, தேர்பவனிக்குப் புதுப் பாட்டு, டிரம்ஸ் உடனே வேண்டும். கையில் கட்டு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொந்த ஊர், சொந்தக் கோயில், மேரி அத்தைக்குப் பெருமை என்றெல்லாம் யோசித்துவிட்டு, "அனுப்பு மச்சான்" என்றான். மெட்டைக் கேட்டதும் அவன் கண்ணில் அந்தத் திருட்டுக் களை வந்தது. அதே நடை, வேகமும் கிட்டத்தட்ட அதேதான். அம்மன் பாட்டிலிருந்து டிரம்ஸை உருவி, வேகத்தை மட்டும் லேசாகச் சரிசெய்து மாதா பாட்டுக்கு அடியில் வைத்தான். பானைக்கு அளவெடுத்த மூடி மாதிரி உட்கார்ந்தது.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நான் கரண்டியோடு வெளியே வந்தேன்.

"இது நம்ம கங்கையம்மன் இல்ல?"

"டிரம்ஸுக்கு ஏது அம்மன், ஏது மாதா?"

"டிரம்ஸுக்கு இல்ல. ஆதியக்காவுக்கு இருக்கு. தெரிஞ்சா ரூமு போச்சி."

"குப்பத்துல இருக்கிறவங்களுக்கு படாளத்துப் பாட்டு எப்டித் தெரியும்? சொம்மா பேஜாரு பண்ணாத."

அந்த ஏற்றி நிறுத்துகிற இடத்தை மட்டுமாவது வெட்டிவிடு என்று சண்டை போட்டேன். வெட்டித்தான் அனுப்பியிருப்பான், அதற்குள் மாதிரிக்கு அனுப்பியதைக் கேட்ட ஜெபக்குமார் போனிலேயே துள்ளினான். "மச்சான், ஏத்தி ஏத்தி நிறுத்துனியே, அதான்டா மாதா வானத்துக்கு ஏர்ற எடம்! அதத் தொட்டுடாத!" அம்மன் இறங்கி வந்த படியில் மாதா ஏறிப் போவதாக முடிவாகிவிட்டது.

இதெல்லாம் எங்களுக்குள்ளேயே போயிருக்கும். கெடுத்தது மேரி அத்தையின் நல்ல மனசு. மகனுக்கு ரூம் கொடுத்த மகராசியைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜெரோம், "அக்காவுக்கு ஏவாரம் இருக்கும்மா" என்று தட்டிவிட்டான். மகன் கையைப் பார்க்க வந்திருந்த அத்தை என்னிடம் நம்பர் வாங்கி நேராகவே கூப்பிட்டுவிட்டார். "தாயி திருவிழா, வராம இருப்பனா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஆதியம்மாள் கத்தியது ஹாலுக்கே கேட்டது. ஜெரோம் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏன் நம்பர் கொடுத்தேன் என்ற கேள்வி இருந்தது. மாமியார் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வதாம்?

திருவிழாவன்று அவன் ஒரு திட்டம் வைத்திருந்தான். தேருக்குப் பின்னால் ஸ்பீக்கர் கட்டிய குட்டியானை வண்டியில் லேப்டாப்போடு அவனே உட்கார்ந்துகொள்வது. அந்தப் பாட்டை மட்டும் கடைசிக்குத் தள்ளுவது. அதற்குள் விருந்தாளிகள் சாப்பிடப் போயிருப்பார்கள்.

ஆதியம்மாள் பட்டுப்புடவையும் கூடை நிறைய நண்டுமாக வந்து இறங்கினாள். சாயங்காலம் தேர் கிளம்பியது. மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கும் மேரி அத்தைக்கும் நடுவில் ஊர் முழுக்க நடந்து வந்தாள். ஜெரோம் சாதுவான பாட்டுகளாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். தேர் கோயில் தெருவுக்குத் திரும்பியதும் அத்தை, "வாம்மா, பந்தி வச்சிட்டாங்க, துண்ணுட்டு வந்துடலாம்" என்றார்.

ஆதியம்மாள் அத்தையை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அம்மா இன்னும் நெலைக்கு வரல. அவ ரோட்ல நிக்கும்போது நான் எப்டி சோறு துண்றது?"

தேர் நிலைக்கு வராமல் கை நனைக்கக்கூடாது என்பது அவள் ஊர்ப் பழக்கம். பிறவிக் கத்தோலிக்கர்களான நாங்கள் எல்லாரும் பந்தியை நினைத்துக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாகப் போயிற்று. வண்டியில் ஜெரோமின் முகம் செத்துவிட்டது.

"மச்சான், தேரு வாசலுக்கு வந்துடுச்சி. இப்பப் போடு" என்று ஜெபக்குமார் ஏறினான்.

"லேப்டாப் ஹேங் ஆயிடுச்சி மச்சான்."

"அதுக்குத்தான் பென்டிரைவ் வச்சிருக்கேன்" என்று அவனே சொருகிவிட்டான்.

பாட்டு தொடங்கியது. முதலில் ஆதியம்மாள் காலால் தாளம் போட்டாள். பிறகு புருவம் நெரிந்தது. குட்டியானையைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மாதாவைப் பார்த்தேன். டிரம்ஸ் ஏறியது, பாடகர் குழு ஏறியது, சுற்றி இருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். இன்னும் ஏறி, பட்டென்று நின்றது. ஆதியம்மாள் கையிலிருந்த மெழுகுவத்தி கீழே விழுந்தது.

"யேசுவே!" என்று அத்தை என் தோளைப் பிடித்தார். கொண்டை அவிழ்ந்து, புடவை புழுதியில் புரள, ஆதியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு குட்டியானையை நோக்கிப் போனாள். பேய் என்றது ஒரு குரல், ஆவியானவர் என்றது இன்னொரு குரல். வேப்பிலை கேட்டாள். யாரோ கோயில் மரத்திலிருந்து ஒடித்தே கொடுத்துவிட்டார்கள். ஒரு கிழவி தெளிப்பதற்குக் கொண்டுவந்த தீர்த்தத்தைப் பிடுங்கி மடமடவென்று குடித்தாள். பிறகு ஜெரோமின் நேரே விரலை நீட்டினாள்.

"டேய்! இது என் அடி! இங்க இன்னாடா பண்ணிகினு கீது?"

படாளத்தில் ஒருத்தருக்கும் புரியவில்லை, ஜெபக்குமார் ஒருத்தனைத் தவிர. அவன் மெதுவாக ஜெரோமைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போது எவனோ ஒரு புத்திசாலி ஜெனரேட்டரை அணைத்தான். பாட்டு பாதியில் செத்தது. அதுவரைக்கும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்துகொண்டிருந்தது, உண்மையைச் சொன்னால். அதற்குப் பிறகு வரவில்லை. ஆதியம்மாள் நுனிக்காலில் நின்றபடி விறைத்துவிட்டாள். பல் கிட்டித்துக்கொண்டது. கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடி தாறுமாறாக ஓடியது. ஃபாதர் வந்து, "ஒண்ணுமில்ல, காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்று கூட்டத்தை விலக்கினார். பாட்டை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அது மறுபடி ஏறியது, அவள் இன்னும் விறைத்தாள். அந்தப் பாட்டில் ஏறத்தான் வழி இருந்தது. மலையேற்றுகிற வேலையைக் குப்பத்தில் பம்பைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். படாளத்தில் பம்பைக்கு எங்கே போவது?

எனக்குப் பயத்தில் கோபம் வந்தது. "டேய் ஜெரோம்! நீதான ஏத்துன? நீயே வந்து எறக்கு!" என்று கத்தினேன். மாமியார், ஃபாதர், ஊர் மொத்தமும் அங்கே நின்றது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குதித்து வந்தான். தேருக்கு முன்னால் வந்த பேண்டு செட்டில் பெரிய டிரம் மாட்டியிருந்தவரிடமிருந்து அதைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். வலது கையில் கட்டு. இடது கையில் அந்தத் துணிசுற்றிய குச்சி. ஹெட்போன் இல்லை, கிளிக் இல்லை. ஆதியம்மாளின் நேர் எதிரில் போய் நின்றான்.

முதலில் அவன் அடித்தது அவள் நடுக்கத்தைத்தான். அவள் உடம்பு எவ்வளவு வேகமாக நடுங்கியதோ அவ்வளவு வேகமாக. தப்பாகப் போகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அவளோடு கூடவே ஓடிவிட்டு, ஒரு அடியைத் துளி தாமதமாகப் போட்டான். அவள் நடுக்கம் அந்த அடிக்காகக் காத்து நின்றது. இன்னொன்றையும் தாமதமாகப் போட்டான். அவள் சீறினாள். உடனே பழைய வேகத்துக்கே திரும்பிப் போய், அவளை மறுபடி கூட்டிக்கொண்டு, மறுபடி கொஞ்சம் மெதுவானான். அவன் கண் அவள் கழுத்தை, தோளை, கால்விரலை விட்டு நகரவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் வாசிக்கும்போது ஒரு மனுஷ முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை, திரையைத்தான் பார்ப்பான். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது, என்னைக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

தேர் அப்படியே நின்றது. ஆதியம்மாளின் குதிகால் தரையைத் தொட்டது. பிறகு விரல்கள் விரிந்தன. அடி மெதுவாகி, கடைசியில் அவள் மூச்சும் டிரம்மும் ஒன்றாகப் போய், அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இன்னும் நாலைந்து அடி சன்னமாகப் போட்டுவிட்டுத்தான் அவன் நிறுத்தினான்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "இன்னா, எல்லாரும் படம் பாக்குறா மாரி பாத்துகினு கீறீங்க? அம்மா நெலைக்கு வந்துட்டாளா? அப்ப சோறு போடுங்க."

பந்தியில் மேரி அத்தை அவள் இலையில் அள்ளி வைத்த கறியைப் பார்த்துவிட்டு, ஃபாதரே ஒரு தடவை தன் இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஜெரோம் தின்னவில்லை. ஜெபக்குமார் அவனைக் கைகழுவும் இடத்தில் மடக்கினான். "மச்சான், நெசத்தச் சொல்லு. இது அவங்க பாட்டு டிரம்ஸா?" ஆமாம் என்றான். ஜெபக்குமார் கத்த வாயைத் திறந்துவிட்டு, குழாயைத் திறந்து மறுபடி கை கழுவினான். யூடியூபில் 'டிரம்ஸ்: ஜெபக்குமார்' என்று அவன்தானே போட்டிருந்தான். யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வான்?

ஆதியம்மாள் போகும்போது ஜெரோமிடம் ஒரு வார்த்தைதான் பேசினாள். "நாளைக்கு ரூமுக்கு வா."

எங்களுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் நான் லீவு போட்டேன், சாமான் ஏற்ற வண்டி பேசினோம். போய்ச் சேர்ந்தால் சர்ஃபிங் பையன்கள் இரண்டு பேரும் ஐஸ் ரூம் சுவரில் பலகைகளைச் சாத்தி வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். ஜெரோம் அவர்களைத் தாண்டிக்கொண்டு நடந்தான். உள்ளே போய் இடது கையால் ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். எனக்கு அவனைத் திட்டக்கூட மனசு வரவில்லை. பாவி, ஆதியக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே நானும் சாமான்களைக் கட்டினேன்.

கரையிலிருந்து மீன் கூடையோடு வந்த ஆதியம்மாள் கதவில் நின்றாள்.

"இன்னா பண்ற?"

"காலி பண்றேன்க்கா. உனுக்கு அடிச்சத உன்னக் கேக்காம எடுத்துனு போயி இன்னொரு எடத்துல குடுத்துட்டேன். தப்புதான்."

"தப்புதான். அதுக்கு ஆத்தா வந்து எல்லார் எதுர்லயும் உன்னக் கேட்டாளே, அதோட சரியாப் போச்சி. அது உனுக்கும் அவளுக்கும் இருக்கிற வழக்கு." கூடையை இறக்கி வைத்துவிட்டு டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"கல்யாணம் ஆன வருசத்துலேர்ந்து எனக்கு வருது. பம்பைக்காரனுங்க நல்லவனுங்கதான். ஆனா அவனுங்களுக்கு அடுத்த ஊருக்குப் போவணும். படபடன்னு அடிச்சி மலையேத்திட்டுப் போயிடுவானுங்க. அப்பால ஒரு வாரத்துக்கு என்னால எழுந்திருக்க முடியாது. மாடில இருந்து தூக்கிப் போட்டா மாரி ஒடம்பெல்லாம் வலிக்கும். யார்கிட்ட சொல்றது? சாமி வந்தவ, வலிக்குதுன்னு சொல்லலாமா?"

ஜெரோம் கழற்றுவதை நிறுத்திவிட்டான்.

"நேத்து வலிக்கலடா. காலைல நானே எழுந்து ஏலத்துக்குப் போயிட்டு வரேன்." எழுந்து வெளியே எட்டிப் பார்த்து, பையன்களிடம் பழைய குரலில் கத்தினாள். "பலகைய எடுங்கடா! வேற எடம் பாத்துக்கோங்க!" திரும்பி, "வர்ற ஆடிக்கு என்ன மலையேத்துறது நீதான். பம்பைக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

எத்தனையோ ஊர்களிலிருந்து அவனுக்கு 'சூப்பர் ப்ரோ' வந்திருக்கிறது. அதில் ஒன்றைக்கூட அவன் இரண்டாவது தடவை படித்து நான் பார்த்ததில்லை. இப்போது பாதி கழற்றிய ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் நின்றான்.

"இன்னொரு தபா சொல்லுக்கா" என்றான்.

"வலிக்கலடா" என்றாள் ஆதியக்கா.